ஒரு வரி கேட்ட வாசகருக்கு

கேள்வி: சினுவா அச்செபேயின் 'சிதைவுகள்' நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். நைஜீரியாவில் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்த இக்போ மக்களின் பண்பாட்டை வெள்ளைக்காரன் வந்து அழித்தான் என்பதுதானே கதை? என் நண்பரோ, "இரட்டைப் பிள்ளை பிறந்தால் காட்டில் கொண்டுபோய்ப் போட்டவர்கள்தானே, அந்தப் பண்பாடு ஒழிந்ததே நல்லது" என்கிறார். நீங்கள் யார் கட்சி? சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் சொல்லுங்கள்.
(ஒரு வாசகர், விழுப்புரம்)

பதில்: ஒரே வரியில் முடியாது ஐயா. நாவலின் கடைசிப் பக்கத்தை மறுபடி பாருங்கள். கதாநாயகன் ஒகொன்க்வோ தூக்குப் போட்டுக்கொண்டு மரத்தில் தொங்குகிறான். பார்க்க வந்த மாவட்ட அதிகாரி, தான் எழுதப்போகும் புத்தகத்துக்கு நல்ல சரக்கு கிடைத்தது என்று யோசித்தபடி திரும்புகிறார். இவனைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதலாம் என்று முதலில் தோன்றுகிறது. அப்புறம், அத்தியாயமெல்லாம் எதற்கு, ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்கிறார். கீழ் நைஜர் பகுதியின் காட்டுமிராண்டிக் கூட்டங்களை அமைதிப்படுத்திய வரலாறு என்று தலைப்பும் தயார். அவராவது ஒரு பத்தி கொடுத்தார். நீங்கள் ஒரு வரிதான் கொடுக்கிறீர்கள்.

நீங்களும் நண்பரும் எதிரெதிர்க் கட்சி மாதிரித் தெரிகிறீர்கள். ஆனால் இரண்டு பேரும் ஒன்றையே நம்புகிறீர்கள்: இக்போ பண்பாடு என்பது காலங்காலமாக ஒரே இடத்தில் கிடந்த கல். அது சாமிக்கல்லா, தெருவில் இடறும் கல்லா என்பதில்தான் தகராறு. அச்செபேயின் ஊர் அப்படிக் கிடக்கவில்லை. நாலாம் அத்தியாயத்தில் ஒகொன்க்வோ, விதைப்புக்கு முந்தைய அமைதி வாரத்தில் தன் கடைசி மனைவியை அடித்துவிடுகிறான். ஒரு பெட்டை ஆடு, ஒரு கோழி, ஒரு துணி, நூறு சோழி அபராதம். அப்போது ஊரிலேயே வயதில் மூத்த எஸேயுடு ஒன்று சொல்கிறார். முன்காலத்தில் அந்த வாரத்தின் அமைதியைக் கெடுத்தவனை உயிர் போகும்வரை ஊர் முழுக்கத் தரையில் இழுத்தார்களாம். அமைதியைக் காக்க வந்த வழக்கம் அமைதியையே கெடுத்ததால் அதை நிறுத்திவிட்டார்களாம்.

இதைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று நினைக்கிறேன். நானும் முதல் வாசிப்பில் தாண்டித்தான் போனேன். பாதிரியார் கிடையாது, கலெக்டர் கிடையாது, சட்டமும் வெளியிலிருந்து வரவில்லை. ஒரு வழக்கம் கொடூரமாக இருக்கிறது என்று ஊரே கண்டுபிடித்து ஊரே கைவிட்டிருக்கிறது. ஒபியேரிகாவும் அப்படித்தான். தெரியாமல் செய்த குற்றத்துக்கு அவன் நண்பன் ஒகொன்க்வோ ஏழு வருஷம் ஊரைவிட்டுப் போகிறான். அவனுடைய வீட்டை இடித்துவிட்டுத் திரும்பி வந்த ஒபியேரிகா, இது என்ன நியாயம் என்று தனக்குள் குமைகிறான். காட்டில் விடப்பட்ட தன்னுடைய இரட்டைக் குழந்தைகள் அவன் நினைவுக்கு வருகின்றன. அவை என்ன குற்றம் செய்தன? உங்கள் நண்பர் கேட்கிற கேள்வியை அந்தப் பிள்ளைகளைப் பெற்ற தகப்பனே கேட்டாயிற்று. அவனிடம் பதில் இல்லை. ஆனால் கேள்வி முளைத்துவிட்டது.

அப்படியானால் உடைந்தது எது? கேள்விகள் ஊர் நடுவில் வைத்துப் பேசப்படும் இடம் உடைந்தது. என் வாசிப்பில் இந்த நாவலின் முதுகெலும்பு இரண்டு வழக்குகள். ஒன்று பத்தாம் அத்தியாயத்தில் வருகிறது. உஸோவுலு மனைவியை அடித்து அடித்துத் துவைக்கிறான். அவளுடைய அண்ணன் தம்பிகள் வந்து அவளை அழைத்துப் போய்விடுகிறார்கள். முன்னோரின் ஆவிகளாக முகமூடி போட்ட ஒன்பது எக்வுக்வுகள் உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் கேட்டு, மதுக்குடம் எடுத்துக்கொண்டு போய் மாமனார் வீட்டில் கெஞ்சு என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். பெண்ணோடு சண்டை போடுவது வீரமில்லை என்ற இடியும் கிடைக்கிறது. இரண்டாவது முகமூடிக்காரரின் நடை ஒகொன்க்வோவின் நடை மாதிரியே இருப்பதை அவன் மனைவிகள் கவனித்திருக்கலாம், வாயைத் திறப்பதில்லை. இவ்வளவு அற்ப வழக்கு எதற்கு இங்கே வந்தது என்று ஒரு பெரியவர் அலுத்துக்கொள்ள, வேறு யார் சொன்னாலும் அவன் கேட்க மாட்டான் என்கிறார் இன்னொருவர். நீதிமன்றம் என்றால் அதுதானே, சண்டைக்காரன் கட்டுப்படுகிற ஒரே இடம்.

இன்னொன்று பின்பாதியில் போகிற போக்கில் வருகிறது. ஒரு நிலத் தகராறு வெள்ளைக்காரனின் கோர்ட்டுக்குப் போகிறது. கோர்ட் சேவகர்களுக்கும் துபாஷிக்கும் நிறையப் பணம் கொடுத்த குடும்பத்துக்கு நிலம் போய்விடுகிறது. நம் நில வழக்கம் அவனுக்குப் புரியுமா என்று ஒகொன்க்வோ கேட்க, நம் பாஷையே தெரியாதவனுக்கு எப்படிப் புரியும் என்கிறான் ஒபியேரிகா. அந்தச் சேவகர்களை ஊர் 'கோட்மா' என்கிறது. கோர்ட் மெசஞ்சர் என்பது இக்போ நாவில் உருண்டு அப்படி ஆயிற்று. சாம்பல் நிற அரை டவுசர் போட்டதால் அவர்களுக்குச் சாம்பல் பிட்டத்தார் என்று பட்டப்பெயர் வேறு. ஊரின் ஆறு பெரியவர்களைப் பிடித்து அடைத்து அதிகாரி போட்ட அபராதம் 200 மூட்டை சோழி. ஊருக்குள் வந்து கோட்மா சொன்னது 250. நடுவில் போன அந்த 50 மூட்டையை எழுதியதற்காகவே அச்செபேயை நான் நம்புவேன். ஆதிக்கம் துப்பாக்கியோடு மட்டும் வந்திருந்தால் ஒருவேளை எதிர்த்து நின்றிருப்பார்கள். அது கணக்குப்பிள்ளையோடு வந்தது.

துப்பாக்கி வரவில்லை என்று சொல்லவில்லை. 1901-02இல் அரோச்சுக்வு என்ற இக்போ ஊர் மீது ஆங்கிலேயப் படையெடுப்பு நடந்தது. 1905இல் அஹியாரா பக்கம் சைக்கிளில் வழிதவறி வந்த ஸ்டூவர்ட் என்ற டாக்டர் கொல்லப்பட, படை வந்து பழிதீர்த்தது. நாவலில் வெள்ளைக்காரனின் சைக்கிளை, இரும்புக் குதிரை என்று கட்டிவைத்த அபாமே ஊர் சந்தை நாளில் சுட்டு அழிக்கப்படுகிறதே, அதன் மூலம் இதுதான்.

படை அடக்கிய பிறகு ஆள்வதற்கு ஒரு ராஜா தேவைப்பட்டான். இக்போவுக்கு அரசன் இல்லை என்பது அவர்களே சொல்லிக்கொள்ளும் சொலவடை. ந்ரி, ஒனிட்ஷா போன்ற விதிவிலக்குகள் உண்டு. பெரும்பாலான ஊர்களில் பேசித்தான் முடிவெடுத்தார்கள். வடக்கே எமிர் என்ற முஸ்லிம் மன்னர்களை வைத்து ஆண்டு பழகிய ஆங்கிலேய நிர்வாகத்துக்கு இது பிடிபடவே இல்லை. ஆகவே யாரோ ஒருவன் கையில் ஒரு சான்றுக் காகிதத்தைக் கொடுத்து 'வாரன்ட் சீஃப்' ஆக்கி, உள்ளூர் கோர்ட்டில் உட்கார வைத்தார்கள். ஆங்கிலேய கவர்னர் லுகார்டுக்கு முன்பே தொடங்கிய ஏற்பாடு இது. 1914இல் நைஜீரியாவை ஒன்றாக இணைத்த அவர் காலத்தில் இன்னும் இறுகியது. ஊரைக் கூட்டாமலேயே ஊருக்குத் தீர்ப்புச் சொல்லலாம் என்பது அந்த மண்ணுக்குப் புதுசு.

இதற்குப் பதில் நாவலில் வருவதற்கு வெகுகாலம் முன்பே தெருவில் வந்துவிட்டது. 1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில், ஆடு எத்தனை, ஆள் எத்தனை என்று எண்ண வந்தவனிடம் ந்வான்யேருவா என்ற பெண், உன் அம்மாவை எண்ணினாயா என்று கேட்டாள். ஆண்களுக்கு வரி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அடுத்தது பெண்கள் என்ற பயம். ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டு வாரன்ட் சீஃப்களின் வீட்டைச் சூழ்ந்து ராத்திரி பகலாகக் கேலிப்பாட்டுப் பாடினார்கள். தப்புச் செய்த ஆணை வழிக்குக் கொண்டுவர இக்போப் பெண்கள் கைக்கொண்ட பழைய முறைதான் அது. ஆண்மேல் உட்காருவது என்று அதற்குப் பெயர். உள்ளூர் கோர்ட்டுகளை உடைத்தார்கள், கொளுத்தினார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. 50 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வாரன்ட் சீஃப் ஏற்பாட்டை அரசாங்கம் அதற்குப் பிறகு கைவிட வேண்டியதாயிற்று. பண்பாடு மொத்தமாக அழிந்துபோயிருந்தால் அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? அச்செபே பிறந்தது அடுத்த வருஷம், 1930இல். அவருடைய முதல் நாவலில் பெண்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்கிறார்கள் என்ற புகாரில் எனக்கு உடன்பாடுதான்.

நண்பரின் கட்சியையும் சும்மா விடுவதற்கில்லை. ஊரை விட்டு முதலில் வெளியே போனவர்கள் யார் என்று அச்செபே கறாராகக் கணக்கு வைத்திருக்கிறார். நாலு முறையும் இரட்டை பெற்று, நாலு முறையும் பறிகொடுத்து, மறுபடி வயிற்றில் சுமக்கும் ந்நேகா போகிறாள். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டு, யாரோடும் சேர முடியாமல் தலைமுடிகூட வெட்டக் கூடாதவர்களான ஒசுக்கள் போகிறார்கள். கூடப் பிறந்தவன்போல் வீட்டில் வளர்ந்த இக்கெமெஃபூனாவை ஊர்த் தீர்ப்புக்குப் பறிகொடுத்த ஒகொன்க்வோவின் மகன் ந்வோயே போகிறான். இவர்களுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு ஊருக்கு இருந்தது. சொல்லவில்லை. ஆனால் கதை இங்கேயே நிற்கவில்லை. 1960இல் வந்த அடுத்த நாவலில் அதே ந்வோயே ஐசக் ஆகி, ஓய்வுபெற்ற உபதேசியாராக உட்கார்ந்திருக்கிறார். லண்டனில் படித்த மகன் ஓபி, ஒசுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்வேன் என்கிறான். ஐசக் மாட்டேன் என்கிறார். நம் ஜனங்கள் மனதில் அது தொழுநோய் மாதிரி என்கிறார். கிழக்கு மாகாணம் 1956இலேயே ஒசு முறையைச் சட்டம் போட்டு ஒழித்திருந்தது. வெள்ளைக்காரன் வந்து கெட்டதையெல்லாம் துடைத்துவிட்டான் என்கிறாரே உங்கள் நண்பர், அவரிடம் ஐசக்கை அறிமுகப்படுத்துங்கள். ஊர்ச்சபை போய்விட்டது, தீண்டாமை சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நாவலின் தலைப்பைப் பற்றியும் ஒன்று. ஆங்கிலத்தில் அது யேட்ஸ் கவிதையிலிருந்து எடுத்த 'Things Fall Apart', அதில் இருப்பது வினை, கண்முன்னே பிரிந்துகொண்டிருக்கிறது. தமிழில் என்.கே. மகாலிங்கம் வைத்த 'சிதைவுகள்' ஒரு பெயர்ச்சொல். எல்லாம் முடிந்த பிறகு தரையில் கிடப்பது. நல்ல தலைப்புதான், குறை சொல்லவில்லை. நீங்கள் மட்டும் தலைப்பிலேயே தங்கிவிட்டீர்களோ என்று சந்தேகம்.

அடுத்து என்ன படிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அச்செபேயிடம் ஒரு நூல்தான் படிக்க நேரம் என்றால் 1964இல் வந்த அவருடைய மூன்றாம் நாவல், 'Arrow of God'. உலு தெய்வத்தின் பூசாரி எஸேயுலுவை வாரன்ட் சீஃப் ஆகச் சொல்கிறார்கள். மறுக்கிறார், பிடித்து அடைக்கிறார்கள். உள்ளே இருந்த நாளில், பிறைக்கு ஒன்றாக அவர் சாப்பிட வேண்டிய சடங்குக் கிழங்கில் இரண்டு மீந்துவிடுகிறது. மீந்ததைத் தின்று தீர்க்காமல் புதுக்கிழங்குத் திருவிழாவுக்கு நாள் குறிக்க மாட்டேன் என்று ஊர்மேல் உள்ள கோபத்தோடு பிடிவாதம் பிடிக்கிறார். தின்றுவிடுங்கள், பாவம் எங்கள் தலையில் என்று பெரியவர்கள் வந்து கேட்கிறார்கள். அசையவில்லை. நிலத்தில் கிழங்கு அழுகுகிறது, சனம் சர்ச்சுக்குக் கிழங்கு எடுத்துக்கொண்டு போகிறது. வழக்கத்தைக் கல்லாக்குவது யார் என்று அங்கே பார்க்கலாம். நேரமில்லை என்றால் நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சியின் 'The Headstrong Historian' என்ற சிறுகதை இருக்கிறது. பங்காளிகள் பிடுங்கிய நிலத்தை மீட்கக் கோர்ட்டில் இங்கிலீஷ் வேண்டும் என்பதற்காகவே ஒரு விதவை மகனைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்கிறாள். ஆங்கிலிக்கன்களிடம் பாடம் இக்போவில்தான் என்று கேள்விப்பட்டு அவர்களிடம் அனுப்பவில்லை. மகன் படித்து வந்து, இடுப்புத் துணியை மார்புக்கு மேலே கட்டு, இது பாவம் என்று அம்மாவுக்கே சொல்கிறான்.

அதற்கு முன்னால் பத்தாம் அத்தியாயத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு எழுதுங்கள். ஒன்பது பெரியவர்களும் புருஷனைக் கேட்டார்கள், அண்ணன் தம்பிகளைக் கேட்டார்கள். அடிபட்டவள் அங்கேயே நிற்கிறாள். அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா?