மடியில் கனம்

அன்புள்ள அண்ணா,

ஹூஸ்டன் நாட்களைப் பற்றி எழுதும்போது ஓரிடத்தில், பல வருடம் பையில் ரிவால்வர் வைத்திருந்ததாக ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

டாலஸுக்குப் பக்கத்தில் பெட்ரோல் பங்கோடு சேர்ந்த ஒரு கடையைப் பார்த்துக்கொள்கிறேன். கிரீன் கார்டு கிடைத்து இரண்டு வருடம் ஆகிறது. இரவு பதினொன்றரைக்குக் கடையைப் பூட்டி, அன்றைய வசூலோடு தனியாகக் கார் வரை நடக்கவேண்டும். போன மாதம் இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் புகுந்து, கல்லாவில் இருந்தவரை அடித்துப் போட்டுவிட்டார்கள். நானும் குழல் குட்டையான ஒரு சப்பைமூக்கு ரிவால்வர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்மித் அண்ட் வெஸனின் 642, 340 பிடி, ரூகரின் எல்சிஆர் என்று மூன்றில் குழம்புகிறேன். 340 பிடிதான் இருப்பதிலேயே எடை குறைவு, பலமான பாயிண்ட் 357 தோட்டாவும் போடலாம். தினமும் சுமக்கப்போகிறேன், இருப்பதே மறந்துபோக வேண்டும். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்களே, அப்படி. லேசர் வைத்த பிடி தேவையா? தோட்டாவைத் தட்டும் சுத்தியல் வெளியே தெரிவது நல்லதா, மறைந்திருப்பது நல்லதா?

மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை, பயந்துவிடுவாள். ஐந்து வயதில் மகன் இருக்கிறான்.

முருகேஷ்

*

அன்புள்ள முருகேஷ்,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் பரணிலிருந்து ஒரு பழைய சூட்கேஸை இறக்கினேன். அடியில் ஒரு தோலுறை கிடந்தது, பேன்ட் பைக்குள் செருகும் சின்ன உறை. துப்பாக்கியை ஊர் திரும்பும் முன்பே விற்றுவிட்டேன். உறை மட்டும் எப்படியோ சட்டைகளுக்கு நடுவில் கடல் தாண்டி வந்திருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் தோட்டா நிரப்பும் சிலிண்டரின் புடைப்பு தோலில் அப்படியே நிற்கிறது. அந்த இடம் மட்டும் கறுத்து, வழவழவென்று இருக்கிறது. ஏழு வருடம் என் வலது தொடையில் உரசிய இடம் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் உங்கள் கடிதம்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். லேசர் வேண்டாம். சுத்தியல் உள்ளே மறைந்த மாடல்தான் பைக்குச் சரி, வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எடுக்கும்போது துணியில் மாட்டும். பாயிண்ட் 357-ஐ விட்டுத்தள்ளுங்கள். இரண்டங்குலக் குழலில் அந்தத் தோட்டாவின் வெடிமருந்தில் ஒரு பங்கு வெளியேதான் எரியும், வெளிச்சமும் சத்தமும்தான் மிச்சம். பாயிண்ட் 38 ஸ்பெஷல் போதும். கிரீன் கார்டு இருப்பதால் சட்டப்படி நீங்கள் வாங்கலாம். இதை வாசிக்கும் எச்1பி தம்பிகள் இதில் இறங்கவேண்டாம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர, அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர்களுக்குக் கைத்துப்பாக்கியை எடுத்துப்போக உரிமம் கட்டாயமில்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். இருந்தாலும் உரிமத்துக்கான வகுப்புக்குப் போய் உரிமம் வாங்குங்கள். சட்டம் கேட்கிறதா என்பதை விடுங்கள், உங்களுக்கு அது தேவை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஒரே ஒரு வரி. 'இருப்பதே மறந்துபோக வேண்டும்.'

இதைச் சொல்லும் முதல் ஆள் நீங்கள் இல்லை. எழுபது வருடமாக இந்த வியாபாரமே இந்த ஆசையின் மேல்தான் நடக்கிறது. 1950-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் போலீஸ் தலைவர்கள் மாநாடு நடந்தபோது, ஸ்மித் அண்ட் வெஸன் ஒரு சின்ன ஐந்து தோட்டா ரிவால்வரைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். சீஃப்ஸ் ஸ்பெஷல் என்று பெயர் அங்கேதான் விழுந்தது. முழு எஃகு, 550 கிராம் ஒட்டி எடை. இரண்டு வருடத்துக்குள் அதையே அலுமினியத்தில் செய்து ஏர்வெயிட் என்று பெயர் வைத்தார்கள், காற்றின் எடையாம். அப்புறம் டைட்டானியம், ஸ்காண்டியம் கலந்த அலுமினியம். 2009-இல் ரூகர் பாலிமரையும் கொண்டுவந்து எல்சிஆரை 380 கிராமுக்கு இறக்கினார்கள். நீங்கள் கேட்கும் 340 பிடி 330 கிராம் சுமாருக்கு வந்துவிட்டது. ஒவ்வொன்றும் போன மாடலைவிட இன்னும் கொஞ்சம் மறக்கலாம் என்று சொல்லித்தான் விற்றது.

நான் வைத்திருந்தது அந்த ஏர்வெயிட் வகையில் வந்த 642. ஏறக்குறைய 410 கிராம். தோட்டா ஐந்தையும் போட்டால் இன்னும் எழுபது எண்பது கிராம் கூடும். உங்களைப் போலவே நானும் எடையைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மகளுக்கு அப்போது நாலு வயது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு லுங்கிக்கு மாறினேன். வந்ததும் துப்பாக்கியை எடுத்து அலமாரி மேலிருக்கும் பூட்டுப்பெட்டியில் வைப்பது வழக்கம். அன்றைக்கு ஊரிலிருந்து போன். அப்பாவுக்கு மூச்சுத்திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இரவெல்லாம் போனும் கையுமாக இருந்தேன். பேன்ட் குளியலறைக் கதவின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் மனைவி அழுக்குத்துணிகளை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டு, துவைக்கும் இயந்திரத்துக்குச் சோப்புத்தூள் எடுக்கப் போயிருக்கிறாள். மகள் கூடைக்குள் ஏறி, துணிகள்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அது கார். கூடையோடு தள்ளிக்கொண்டு போனால்தான் இறங்குவாள். நான் சமையலறையில் நின்று, அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவிக்கு ஒரு பழக்கம், பேன்டை இயந்திரத்தில் போடும் முன் பைகளைத் துழாவிப் பார்ப்பாள். சில்லறை, ரசீது, பேனா என்று ஏதாவது இருக்கும். குழந்தை உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடியிலிருந்து என் பேன்டை உருவி, கையை விட்டாள்.

அவள் கத்தவில்லை. ஒரு கையால் குழந்தையை அக்குளோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் பேன்டோடு சமையலறைக்கு வந்தாள். மேஜைமேல் மெதுவாக வைத்தாள். "இதுக்குள்ளயா இருந்துச்சு? நேத்திலேர்ந்து நான் ரெண்டு தரம் இதைத் தூக்கியிருக்கேன். கனமே தெரியலையே" என்றாள்.

உறை ட்ரிகரை மூடியிருந்தது. அதனால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அப்போது நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு உறையை உருவ எத்தனை நொடி வேண்டும்?

தப்பு என்னுடையது. துப்பாக்கியின் எடைமேல் பழியைப் போடவில்லை. ஆனால் கொக்கியில் அறுநூறு எழுநூறு கிராம் எஃகு தொங்கியிருந்தால், அந்த பேன்ட் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு நின்றிருக்கும். நான் கதவைச் சாத்தும்போது அது மரத்தில் இடித்திருக்கும். அவள் தூக்கியபோது கை தாழ்ந்திருக்கும். மூன்று தரமாவது அது தன்னைக் காட்டிக்கொண்டிருக்கும். கனமே தெரியாத பொருளைத்தான் நான் பணம் கொடுத்து வாங்கியிருந்தேன்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று தள்ளாதீர்கள். 2023-இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் கைப்பைகளிலிருந்து 6,737 துப்பாக்கிகளைப் பிடித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. முதலிடம் அட்லாண்டா. அடுத்தது உங்கள் டாலஸ்–ஃபோர்ட் வொர்த். பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது, பையில் இருந்ததே மறந்துவிட்டது என்றுதான். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திலேயே, பயிற்சி பெற்ற காவலர்கள் கழிப்பறையில் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போன சம்பவங்கள் 2015-இல் வெளியே வந்தன. அதில் ஒன்றைக் கண்டெடுத்தது பெற்றோரோடு சுற்றிப்பார்க்க வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளை.

வைத்துக்கொள்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. டெக்சாஸில் பல வருடம் இருந்தவன் அப்படிச் சொல்லமுடியாது. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் என்ற ஊரில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பிக்கப் வண்டியை உணவகத்துக்குள் ஏற்றி 23 பேரைச் சுட்டுக்கொன்றான் ஒருவன். அங்கே பெற்றோரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த சூசானா ஹப் என்ற பெண்ணிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. கைப்பையை எட்டியபோதுதான் அவருக்கு நினைவு வந்தது, அது காரில் இருக்கிறது. மறைத்து எடுத்துப்போவது அன்று சட்டவிரோதம், தொழில் உரிமம் போய்விடும் என்று பயந்து காரிலேயே வைத்திருந்தார். தாயும் தகப்பனும் அங்கேயே செத்தார்கள். பின்னால் அவர் சட்டமன்றத்துக்கே போனார். 1995-இல் அந்த மாநிலத்தில் உரிமத்தோடு எடுத்துப்போகலாம் என்ற சட்டம் வந்ததில் அவர் குரலுக்குப் பெரிய பங்கு உண்டு. நடு ராத்திரியில் வசூல் பணத்தோடு தனியாக நடக்கும் உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. (பணத்தைக் கையில் கொண்டுபோகாமல் கடையிலேயே பெட்டகம் வைக்கச் சொல்லி முதலாளியோடு சண்டை போடுங்கள். ரிவால்வருக்கு முன்னால் செய்யவேண்டியது அது.)

எடை குறைந்தால் இன்னொன்றையும் மறப்போம். ஹூஸ்டனை ஒட்டிய பசடீனாவில் எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், எழுபதை நெருங்கியவர். என் 642-ஐ வாங்கி, நான் பார்க்காமல் திரும்பி நின்று, இரண்டு நல்ல தோட்டாவும் மூன்று சுட்ட வெற்றுக்கூடும் கலந்து போட்டுக் கொடுப்பார். எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முதலாவது வெடித்தது. அந்த ஏர்வெயிட்டின் உதை, கட்டைவிரல் இடுக்கில் சுத்தியலால் தட்டியதுபோல இருக்கும். இரண்டாவதுக்கு அழுத்தினேன். 'டக்' என்று வெறும் சத்தம். குழல் முனை மட்டும் ஒரு விரற்கடை கீழே குனிந்து நின்றது. வராத உதைக்கு என் கை முன்கூட்டியே பயந்திருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் தன் பழைய எஃகு சீஃப்ஸ் ஸ்பெஷலை என் கையில் வைத்தார். அதே தோட்டா, அதே கலப்பு. இந்தத் தரம் வெற்றுக்கூட்டில் முனை அசையவில்லை.

கணக்கு எளிது. தோட்டா ஒன்றுதான். துப்பாக்கி எடை பாதியானால் உங்கள் உள்ளங்கைக்கு வரும் உதையின் ஆற்றல் இரட்டிப்பு. 340 பிடி போன்றவற்றில் பலமான தோட்டா போட்டால், அந்த உதையிலேயே மிச்சத் தோட்டாக்களின் ஈயம் கூட்டிலிருந்து முன்னால் நழுவி, சிலிண்டரைச் சுற்றவிடாமல் பூட்டிக்கொள்வதும் உண்டு. அதைவிடப் பெரிய சேதம், பழகப் போகமாட்டீர்கள். முதல் வருடம் மாதம் ஒருதரம் போனேன். ஐம்பது தோட்டா சுட்டால் இரண்டு நாள் கை வலிக்கும். மூன்றாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. தொடையும் மறந்துவிட்டது, கையும் மறந்துவிட்டது. வெறும் துப்பாக்கியின் குழல் முனையில் இருக்கும் முன்குறிமேல் ஒரு பென்னிக் காசை வைத்து, அது விழாமல் ஐந்து கிலோவுக்கு மேல் இழுக்கும் அந்த ட்ரிகரை முழுக்க அழுத்தவேண்டும் என்று பசடீனாக்காரர் சொன்ன பயிற்சியையும் விட்டுவிட்டேன். அப்படிப்பட்ட கையோடு நான் யாரைக் காப்பாற்றியிருப்பேன்?

ஆகவே முருகேஷ், வாங்குவதானால் ஸ்மித் அண்ட் வெஸனின் 640 வாங்குங்கள். எஃகு, சுத்தியல் மறைந்தது, 620 கிராமுக்கு மேல். பாயிண்ட் 38 மட்டும் போடுங்கள். முதல் மாதம் பேன்ட் ஒருபக்கம் இழுக்கும், நல்ல பெல்ட் வேண்டும், உட்காரும்போதெல்லாம் தெரியும். தெரியட்டும். கடைக்குள் நுழையும்போது தெரியட்டும், கழிப்பறையில் தெரியட்டும், மகனைத் தூக்கும்போது கட்டாயம் தெரியட்டும். மடியில் அந்தக் கனம் இருக்கிறவரைதான் வழியில் கொஞ்சமாவது பயத்தோடு நடப்பீர்கள். வாய்ச்சண்டை வந்தால் ஒதுங்கிப் போவீர்கள்.

இப்போது மனைவி விஷயம். இதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லையா? அவர் பயப்படவேண்டாமா? உங்கள் வீட்டில் அழுக்குத்துணியை யார் அள்ளுகிறார்கள்? உங்கள் கோட்டை யார் மடித்து வைக்கிறார்கள்? என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. பையில் கை பட்டதும் அது என்ன என்று புரிந்ததால்தான் பிள்ளையை முதலில் தூக்கினாள். தெரியாதவராக இருந்தால் என்ன இது என்று வெளியே உருவிப் பார்த்திருப்பார், பிள்ளைக்கு எதிரிலேயே. டெக்சாஸில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றம். அந்தப் பிள்ளையோடு நாள் முழுக்க வீட்டில் இருப்பவரிடம் மறைத்து அந்தச் சட்டத்தை எப்படிக் காப்பாற்றப்போகிறீர்கள்? 2021-இல் அந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேல் தற்கொலை. வெளியிலிருந்து வரும் திருடனை மட்டும் யோசித்து வீட்டுக்குள் கொண்டுவரும் பொருள் இல்லை இது. பூட்டுப்பெட்டியை வாங்குவதற்கு முன்னால் அவரிடம் பேசுங்கள். வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று உட்கார்ந்து கேளுங்கள் தம்பி. முடிந்தால் அவரையும் அந்த வகுப்புக்குக் கூட்டிப் போங்கள்.

அந்த உறையை உங்களுக்கே அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். 640-இன் குழல் கால் அங்குலம் நீளம், முனை கொஞ்சம் எட்டிப்பார்க்கும். பழைய தோல், இடம் கொடுக்கும். வீட்டு விலாசத்தை எழுதுங்கள். தபால் கவர் மேல் உங்கள் மனைவியின் பெயரைத்தான் எழுதுவேன், அதனால் அவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். தபால் வந்து சேர மூன்று வாரம் ஆகும்.