மதுரை வெயிலில் ஒரு பரோலோ 2031 வரை தாங்குமா?

கேள்வி: என் மகன் இத்தாலியில், டூரினில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு இரண்டாக, இதுவரை ஆறு பாட்டில் பரோலோ என்ற சிவப்பு ஒயின் கொண்டுவந்திருக்கிறான். எல்லாமே 2019ஆம் ஆண்டு அறுவடை. 2031இல் எனக்கு அறுபதாம் கல்யாணம். அதுவரை வைத்திருந்தால் சுவை கூடும் என்கிறான். மாடி அறை மர அலமாரியில் படுக்கவைத்திருக்கிறேன். ஒரு பாட்டிலின் கழுத்துப் பக்கம் பிசுபிசுவென்று இருக்கிறது. கடைக்காரர் ஒருவர் ஒயின் கூலர் வாங்கச் சொல்கிறார். நண்பர் ஒருவர், தனக்குத் தெரிந்த ஏஜென்ட்டிடம் கொடுத்தால் சில வருடத்தில் மூன்று மடங்கு விலைக்கு விற்றுத் தருவார் என்கிறார். என்ன செய்வது? நடுவில் திறந்து ருசி பார்க்கலாமா? (வாசகர், நரிமேடு, மதுரை)

பதில்: முதல் வேலையாக அந்த ஆறு பாட்டிலையும் இன்றைக்கே மாடியிலிருந்து இறக்குங்கள். கூலர், ஏஜென்ட் எல்லாம் அப்புறம். ராத்திரிக்குள் வீட்டு ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் அவற்றைப் படுக்கவைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் ஒயினுக்கு ஆகாது என்று படித்திருப்பீர்கள். குளிர் நாட்டுக்காரர்களுக்கு எழுதியது அது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை மே மாத மதியத்தில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு நான்கைந்து டிகிரி ஃப்ரிட்ஜ் எவ்வளவோ மேல். அங்கே ஒயின் முதிராது, கெடவும் கெடாது. சில மாதம் இப்படி ஓட்டலாம். வருடக்கணக்கில் வைத்தால் உள்ளே இருக்கும் வறட்சியில் கார்க் காய்ந்துபோகும் என்பதால் இதையே நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மகன் சொன்னது சரிதான். பரோலோ, வடமேற்கு இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் நெப்பியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்வது. குறைந்தது 38 மாதம் முதிர்ந்த பிறகே அதை விற்கலாம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால்தான் 2019 அறுவடை 2023இல் வெளியே வந்தது. வந்த புதிதில் குடித்தால் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிக்கும். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் செய்கிற வேலை அது. வருடங்கள் போகப் போக டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்கும். துவர்ப்பு மழுங்கி, உலர்ந்த ரோஜா, தார், காய்ந்த பழம் என்று மணம் விரியும். நல்ல பரோலோ பத்திலிருந்து இருபது வருடம் வரை இப்படி ஏறிக்கொண்டே போகும். 2031இல் உங்கள் பாட்டிலுக்கு வயது பன்னிரண்டு. கணக்கு அருமையாகப் பொருந்துகிறது.

ஆனால் இதெல்லாம் ஏறக்குறைய 13 டிகிரியில், இருட்டில், ஆடாமல் அசையாமல் கிடக்கும் பாட்டிலுக்குத்தான். வருடம் மட்டும் போனால் போதும் என்று நினைத்துத்தான் நம் ஊரில் பலரும் நல்ல பாட்டிலைப் பாழாக்குகிறார்கள். வெப்பம் ஏறினால் பாட்டிலுக்குள் நடக்கும் மாற்றங்கள் வேகமாவதோடு நிற்காது. நடக்கக் கூடாத மாற்றங்களும் நடக்கும். முப்பது டிகிரியைத் தாண்டிச் சில வாரம் இருந்தாலே பழமணம் போய், வெந்த பழத்தின் வாடை வந்துவிடும். இன்னொன்று, சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும், ராத்திரி சற்றுக் குளிர்ந்ததும் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். உங்கள் பாட்டிலின் பிசுபிசுப்பு அப்படிக் கசிந்ததுதான். அதன் தாள் உறையைக் கழற்றிப் பாருங்கள். கார்க் கண்ணாடி விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பாட்டில் 2031க்கு இல்லை.

குழி தோண்டியோ கிணற்றுக்குள் இறக்கியோ வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பாவில் நிலவறை குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம், அந்த ஊரின் வருட சராசரி வெப்பமே பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிதான். சில மீட்டர் ஆழத்தில் மண் அந்தச் சராசரியில்தான் நிற்கும். மதுரையின் சராசரி முப்பதை ஒட்டி இருக்கிறது. எவ்வளவு தோண்டினாலும் அதே முப்பதுதான். ராத்திரி மட்டும் ஏசி ஓடும் படுக்கையறையும் உதவாது, தினமும் ஏறி இறங்கும் வெப்பத்தால் கார்க்தான் அல்லாடும்.

இப்போது கூலர். இதில்தான் பணம் வீணாகிறது. சின்ன ஒயின் கூலர்களில் இரண்டு வகை. ஒன்றில் சாதாரண ஃப்ரிட்ஜைப் போல கம்ப்ரசர் இருக்கும். இன்னொன்று கம்ப்ரசர் இல்லாத தெர்மோ எலெக்ட்ரிக் வகை. சத்தம் வராது, அதிர்வு இல்லை, விலை குறைவு, பார்க்க அழகு. கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். அறையில் இருக்கும் வெப்பத்தைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைவாகக் கொண்டுபோவதே அதற்குப் பெரும்பாடு. டூரினில் அது போதும். உங்கள் அறை 38 டிகிரியில் இருந்தால் உள்ளே 23, 24க்குக் கீழே இறங்காது. முன்பலகையில் 12 என்று எண் மினுங்கும், அது நீங்கள் கேட்ட வெப்பம், உள்ளே இருக்கும் வெப்பம் அல்ல. கடையின் ஏசியில் நின்று பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதாகத் தோன்றும். வாங்கியவர் ஏப்ரல் வந்த பிறகுதான் கண்டுபிடிப்பார். அதற்குள் திருப்பி எடுத்துக்கொள்ளும் தேதி முடிந்திருக்கும்.

ஆகவே கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: “கம்ப்ரசர் இருக்கா, இல்லையா?” பதில் சுற்றி வளைத்து வந்தால் வெளியே வந்துவிடுங்கள். கம்ப்ரசர் கூலர் வாங்கினால் தரைத்தளத்தில், சுவரிலிருந்து தள்ளி, காற்று போக இடம் விட்டு வையுங்கள். ஸ்டெபிலைசர் கட்டாயம். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, மதியம் மூன்று மணிக்குப் பாருங்கள். முன்பலகையை நம்பாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை கரண்ட்டை நிறுத்தும் நாளில் கதவைத் திறக்காமல் விட்டால் போதும், நிறைந்த கூலர் மெல்லத்தான் சூடேறும்.

கூலரே வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு சூழ்நிலை இருக்கிறது. மதுரைக்காரர்கள் பலருக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கொடைக்கானலில் உங்களுக்குச் சொந்த வீடோ, நம்பிக்கையான உறவினர் வீடோ இருக்கிறதா? கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். கோடையிலும் பகல் வெப்பம் இருபதை ஒட்டித்தான் இருக்கும். பழைய கல்வீட்டின் தரைத்தளத்தில், வெயில் விழாத வடக்குப் பக்கத்து அறை கிடைத்தால், ஒரு பைசா கரண்ட் செலவு இல்லாமல் நல்ல நிலவறைக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். காற்றில் ஈரம் இருப்பது கார்க்குக்கு நல்லது. லேபிளில் பூஞ்சை வந்தால் வரட்டும், ஒயினுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் கொடைக்கானல் வீடு எல்லாமே சரிப்படாது. தகரக் கூரை போட்ட காட்டேஜ் பகலில் சுட்டு ராத்திரியில் விறைக்கும். கணப்பு எரியும் அறை கூடாது. வாரக்கடைசியில் வாடகைக்கு விடும் வீடு அறவே கூடாது. பூட்டும் சாவியும் உள்ள டிரங்குப் பெட்டியில், பழைய துணி சுற்றி, படுக்கை வசத்தில் வையுங்கள். கொண்டுபோகும் வழியிலும் ஜாக்கிரதை. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி ஐம்பது டிகிரியைத் தாண்டும். வத்தலக்குண்டில் சாப்பிட இறங்கும் ஒரு மணி நேரம், நீங்கள் இத்தனை வருடம் காப்பாற்றப் பார்ப்பதைக் கெடுத்துவிடும். மார்கழி, தை மாதத்தில் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்திருக்கிறது, அதையும் முன்னதாக எடுத்துவிடுங்கள். மகனின் கடை ரசீதும் விமான டிக்கெட் நகலும் பாட்டிலோடு இருக்கட்டும். செக்போஸ்ட்டில் நிற்பவருக்குப் பரோலோ என்றால் என்ன என்று நீங்கள் பாடம் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. நம் சட்டத்துக்கும் கடைக்கும் ஒயினும் பிராந்தியும் ஒரே சரக்கு. பிராந்தி வெயிலைத் தாங்கும், ஒயின் தாங்காது என்ற அடிப்படை வித்தியாசம்கூட எடுபடுவதில்லை. 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் அரசு கைக்குப் போனது. அதற்குப் பிறகும் டியூப்லைட் வெளிச்சத்தில், கடைசிப் பாட்டில் விற்கும்வரை நிமிர்த்தி வைத்துத்தான் விற்கிறார்கள். இங்கே கடையில் வாங்கும் சிவப்பு ஒயின் எதையும் பழுக்க வைக்கலாம் என்று எண்ணாதீர்கள், வாங்கிய மாதமே குடித்துவிடுங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை அதற்குத் தகும். ஆனால் அது சாப்பிடுவதற்கான பழம், அதில் செய்த ஒயினும் இளசாகக் குடிப்பதற்கே. வெளிநாட்டிலிருந்து வருபவருக்கும் வரியில்லாமல் இரண்டு லிட்டர்தான் அனுமதி. உங்கள் மகன் இரண்டு இரண்டாகக் கொண்டுவந்தது நல்லது, மூன்றாவது பாட்டில் கணக்கைத் தாண்டியிருக்கும்.

அந்த ஏஜென்ட்டிடம் ஒரு பாட்டில்கூடக் கொடுக்காதீர்கள். உரிமம் இல்லாமல் மது விற்பது தமிழ்நாட்டில் குற்றம். விலை ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதை விற்க உங்களுக்கு வழி இல்லை, அவருக்கும் இல்லை. உலகச் சந்தையில் பழைய ஒயின் விலை போவது, அது எங்கே, எந்த வெப்பத்தில் இருந்தது என்ற சான்றை வைத்துத்தான். நரிமேட்டு அலமாரிக்கு யார் சான்று தருவார்கள்? அந்தச் சான்று விஷயத்தில்தான் பெரிய மோசடிகளே நடக்கின்றன. ரூடி குர்னியவான் என்பவர் கலிஃபோர்னியாவில் தன் வீட்டில் பழைய பாட்டிலில் புது ஒயின் கலந்து ஊற்றி, லேபிள் ஒட்டிக் கோடீஸ்வரர்களுக்கு விற்றார். 2013இல் குற்றம் நிரூபணமாகி, அடுத்த வருடம் பத்தாண்டு சிறைத்தண்டனை. கோடீஸ்வரர்களே ஏமாந்தார்கள் என்றால், ‘சார், நான் பார்த்துக்கிறேன்’ என்று கைநீட்டும் ஆளிடம் நீங்கள் எதை நம்பிக் கொடுப்பீர்கள்?

சரி, ருசி பார்ப்பது. கட்டாயம் பார்க்க வேண்டும், ஆறு பாட்டில் இருப்பதன் அனுகூலமே அதுதான். கசிந்த பாட்டிலை இந்த வாரமே திறங்கள். இந்த ஒயினுக்கு ஏற்றது 17, 18 டிகிரி. ‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்று லேபிளிலோ ஹோட்டலிலோ சொல்வதைக் கேட்காதீர்கள், அது ஐரோப்பிய அறை. நம் அறையில் 32 டிகிரியில் ஊற்றினால் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒருமணி நேரம் போல வெளியே வையுங்கள், போதும்.

கண்ணாடி டம்ளரில் கால்வாசி ஊற்றி, வெள்ளை வேட்டிக்கு முன்னால் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் செங்கல் நிறம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நெப்பியோலோ சீக்கிரமே அப்படித் திரும்பும் திராட்சை. கலங்கிய காப்பி நிறம் என்றால் கவலைதான். அடுத்து முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை கார்க்கின் கோளாறு. வினிகர் வாடை உள்ளே புகுந்த காற்றின் வேலை, வெந்த பழ வாடை சூட்டின் வேலை. இவை இல்லாவிட்டால் ஒரு வாய் எடுத்து, வாய் முழுக்கச் சுழற்றி விழுங்குங்கள். துவர்ப்பு ஈறில் பிடிக்கிறதா, தொண்டையிலா, பழத்தின் சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று கவனியுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் செய்யுங்கள். மிளகாய் பட்ட நாக்கில் டானின் இரண்டு மடங்கு கடுக்கும். காரமான சுக்காவோடு குடித்துவிட்டு ஒயினைக் குறை சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேதியோடு ஒரு நோட்டில் நான்கு வரி எழுதிவையுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒன்றாகத் திறந்து, பழைய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். துவர்ப்பும் பழமும் சேர்ந்தே நிற்கிறதென்றால் காத்திருக்கலாம். துவர்ப்பு மட்டும் நின்று பழம் ஓடிவிட்டால் 2031ஐப் பார்க்க வேண்டாம், மிச்சத்தை அந்த வருடமே திறந்துவிடுங்கள். மாடி அலமாரியில் கோடையைக் கழித்த பாட்டில்களை முதலிலும், கடைசியாக வந்தவற்றை விசேஷத்துக்கும் வையுங்கள். எது எப்போது வந்தது என்று இப்போதே கழுத்தில் சீட்டுக் கட்டிவிடுங்கள்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் இறங்கும். திறந்து, வாய் அகன்ற ஜாடியில் மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். ஒருமணி நேரக் காற்று போதும், பன்னிரண்டு வயது ஒயினை அரைநாள் திறந்துபோட வேண்டாம். மீந்ததை அன்றே கார்க் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் நிற்கும்.

காலிப் பாட்டிலை அப்படியே பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். வெளிநாட்டு லேபிளோடு முழுசாக இருக்கும் பாட்டிலைத் தேடி வாங்க ஆள் இருக்கிறார்கள், எதையாவது நிரப்பி மறுபடி விற்பதற்கு. லேபிளைக் கிழித்து, கழுத்தை உடைத்துப் போடுங்கள்.