இரைச்சலா, கேயாஸா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மின் சிக்னலைத் திரையில் வரைந்துகாட்டும் ஆஸிலோஸ்கோப்பில் சிக்னல் தாறுமாறாக ஆடுகிறது. அது இரைச்சலா, கேயாஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரைச்சல் என்பது தற்செயலான ஏற்ற இறக்கம். கேயாஸ் என்பது திட்டமான விதிப்படி இயங்கினாலும், தொடக்கத்தின் சிறு வித்தியாசம் வேகமாக வளர்வதால் நீண்ட காலத்துக்குக் கணிக்க முடியாத இயக்கம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நிறமாலையை, அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கை, எடுத்துப் பார்த்தாலும் தீராது. இரண்டிலுமே அதிர்வெண்கள் அகலமாகப் பரவியிருக்கும். அடுத்தடுத்து வரும் உச்சங்களின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் உச்சத்தைக் கிடை அச்சிலும் அதற்கு அடுத்ததைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளியிடுங்கள். முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பில்லாத இரைச்சல் என்றால் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். எளிய கேயாஸ் என்றால் மெல்லிய கோடாகச் சேரும். வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையில் இப்படி வரைந்தபோது, கூடாரம்போல நடுவில் கூர்மையான ஒரு வளைவு கிடைத்தது. அந்தப் படத்தை இன்று பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

உங்கள் சிக்னலில் கோடு இவ்வளவு தெளிவாக விழாமல் போகலாம். அப்போது பலரும் 1983இல் கிராஸ்பெர்கரும் புரோகாசியாவும் தந்த, சிக்னலை விவரிக்கச் சுமார் எத்தனை மாறிகள் தேவை என்று மதிப்பிடும் பரிமாணக் கணக்கீட்டுக்குத் தாவுகிறார்கள். கவனம் தேவை. அதில் சிறிய பரிமாணம் வந்தாலே கேயாஸ் என்று முடிவுகட்ட முடியாது; சிலவகை நிற இரைச்சலும் (எல்லா அதிர்வெண்களிலும் சம வலிமை இல்லாத இரைச்சல்) அப்படி ஓர் எண்ணைத் தரும் என்று 1989இல் ஆஸ்போர்னும் புரோவென்சாலேயும் காட்டிவிட்டார்கள். அதனால் உங்கள் தரவின் நிறமாலையை அப்படியே வைத்து, ஒவ்வொரு அதிர்வெண் அலையின் கட்டத்தை (அலை எந்த நிலையில் தொடங்குகிறது என்பதை) மட்டும் கலைத்துப் போலித் தரவுகளை உருவாக்குங்கள். அசலும் போலியும் ஒரே விடை தந்தால் கேயாஸ் என்று சொல்ல ஆதாரமில்லை. இந்த ஒப்பீடு இல்லாத கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

கேள்வி: இன்னும் துல்லியமாக அளந்தால் கேயாஸை வென்றுவிடலாமா?

பதில்: முடியாது. 1961இல் லோரன்ஸ் தன் வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டியபோது, 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். சிறிது நேரம் ஒத்துப்போன விடைகள் பிறகு முற்றிலும் பிரிந்துவிட்டன. பிழை மடங்கு மடங்காக வளர்வதால், துல்லியத்தைப் பத்து மடங்கு கூட்டினாலும் முன்கணிக்கும் காலம் ஒரு குறிப்பிட்ட அளவே நீளும். அடுத்த பத்து மடங்குக்கும் அதே அளவுதான்.

கேள்வி: நல்ல கருவி வாங்கினால் இரைச்சல் அறவே போய்விடுமா?

பதில்: போகாது. மின்தடையிலுள்ள எலக்ட்ரான்களின் வெப்ப அசைவே மின்னழுத்த ஏற்ற இறக்கமாக வெளிப்படுகிறது. 1928இல் ஜான்சன் அளந்து காட்ட, நைக்விஸ்ட் விளக்கம் தந்தார். அறை வெப்பநிலையில் 1 கிலோ ஓம் மின்தடை, 10 கிலோஹெர்ட்ஸ் பட்டையகலத்தில் (அளக்கும் அதிர்வெண்களின் பரப்பில்) சுமார் 0.4 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும். குளிர்வித்தால் குறையும்.

கேள்வி: இரைச்சலால் நன்மை உண்டா?

பதில்: உண்டு. நேரியலற்ற அமைப்பில் (உள்ளீடும் விளைவும் ஒரே விகிதத்தில் மாறாத அமைப்பில்) வாசலை, அதாவது தேவையான குறைந்தபட்ச அளவை, தாண்ட முடியாத பலவீனமான சிக்னலை, அளவான இரைச்சல் தாண்டவைக்கும். இதுவே தற்செயல் ஒத்ததிர்வு. பனியுகங்களின் சுழற்சியை விளக்க 1981இல் முன்வைக்கப்பட்ட கருத்து இது. 1999இல் இரையின் மின் சிக்னலை உணர்ந்து வேட்டையாடும் அமெரிக்காவின் துடுப்புமீன்களைச் சோதித்தார்கள். நீரில் அளவாக மின் இரைச்சல் சேர்த்தபோது, அவை மிதவையுயிர்களைக் கூடுதல் தொலைவிலிருந்தே பிடித்தன. இரைச்சல் மிகுந்தபோது அந்தப் பயன் மறைந்தது.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் கேயாஸைக் காட்ட எளிய சுற்று எது?

பதில்: திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முரளி, லட்சுமணன் இருவரும் மின்சுற்றியல் அறிஞர் லியோன் சுவாவுடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட சுற்றைக் கட்டுங்கள். ஒரு மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி, சுவா டயோடு (நேரியலற்ற மின்தடைபோல நடக்கும் உறுப்பு), சைன் அலை ஜெனரேட்டர் போதும். ஜெனரேட்டரின் வீச்சை மெல்ல ஏற்றுங்கள். அலைவுகாலம் (அலை மறுபடி அதே வடிவுக்கு வர ஆகும் நேரம்) இரட்டிப்பதைத் திரையிலேயே காணலாம், பிறகு கேயாஸ் வரும்.