தவழாத மகளும் வலதுகைக்கார மகனும்

கேள்வி: என் மகளுக்கு 10 மாதம் முடிந்துவிட்டது. உட்கார வைத்தால் கையூன்றாமல் உட்காருகிறாள். ஆனால் அதுவே எட்டரை மாதத்தில்தான் வந்தது. இன்றுவரை தவழவில்லை. உட்கார்ந்தபடியே தரையில் தேய்த்துத் தேய்த்து நகர்கிறாள். அவளைவிட ஒரு வாரம் இளையவனான என் நாத்தனார் மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கவே தொடங்கிவிட்டான். 35ஆவது வாரத்தில் பிறந்தவள் என்றாலும் எடை நன்றாகவே ஏறியிருக்கிறது. வாக்கர் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். வாங்கலாமா, டாக்டர்? எனக்கு இரவில் தூக்கமே வருவதில்லை.

பதில்: மகள் 35ஆவது வாரத்தில் பிறந்தாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த வரியிலேயே இருக்கிறது. 40 வாரக் கணக்கில் பார்த்தால் அவள் 5 வாரம் முன்னதாகவே வந்துவிட்டாள். வயிற்றுக்குள் நடந்து முடிந்திருக்க வேண்டிய அந்த 5 வார வளர்ச்சி வெளியே வந்த பிறகுதான் நடந்திருக்கிறது. அதனால்தான் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வளர்ச்சியை மதிப்பிடும்போது, 2 வயது வரையிலாவது, பிறந்த நாளை விட்டுவிட்டு, பிரசவத்துக்கென்று மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்த நாளிலிருந்து வயதை எண்ணுகிறோம். (தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கணக்கு கிடையாது, அதைப் பிறந்த தேதிப்படியே போட வேண்டும்.) அப்படி எண்ணினால் உங்கள் மகளுக்கு இன்னும் 9 மாதம் நிறையவில்லை. அவள் தனியாக உட்கார்ந்தது ஏழே கால் மாதம் போல. அதில் தாமதம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஓர் அட்டவணையை வெளியிட்டது. பிடிமானமின்றி உட்காருவதற்கு அதில் தரப்பட்டுள்ள கால எல்லை 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை. தனியாக நடப்பதற்கு 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. நடக்கும் வயதில் இரண்டு ஆரோக்கியமான குழந்தைகளுக்கிடையே ஒன்பது மாதத்துக்கும் மேல் வித்தியாசம் இருக்கலாம் என்பதே இதன் பொருள். உங்கள் நாத்தனார் மகன் அந்த எல்லைக்குள் முன்வரிசையில் நிற்கிறான், அவ்வளவுதான். முன்னால் நடந்தவன் பின்னாளில் கெட்டிக்காரனாகவும் இருப்பான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

தவழ்வதைப் பற்றிய கவலையை நீங்கள் இன்னும் எளிதாகவே விட்டுவிடலாம். அதே ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழாமலேயே நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை அதிலிருந்து எடுத்தேவிட்டது. உட்கார்ந்தபடி தேய்த்து நகரும் குழந்தைகள் பல குடும்பங்களில் வழிவழியாக இருப்பார்கள். உங்கள் வீட்டிலோ உங்கள் கணவர் வீட்டிலோ அப்படி யாராவது இருந்தார்களா என்று மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள். இப்படி நகரும் குழந்தைகள் பொதுவாக மற்றவர்களைவிடத் தாமதமாகவே நடப்பார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் முதல் பிறந்தநாளன்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

எந்த மாதத்தில் என்ன செய்தாள் என்பதைவிட, எப்படிச் செய்கிறாள் என்பதையே நான் கேட்பேன். தரையில் விரிப்பைப் போட்டு அவளை உட்கார வைத்து, பிடித்தமான பொம்மையைக் கைக்கு எட்டாத தூரத்தில் ஒருமுறை வலப்பக்கமும் ஒருமுறை இடப்பக்கமும் வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரேபோல உடலைத் திருப்பி, அந்தந்தப் பக்கத்துக் கையை நீட்டுகிறாளா? நகரும்போது ஒரு காலை மட்டுமே இழுத்துக்கொண்டு போகிறாளா? டயப்பர் மாற்றும்போது இரண்டு தொடைகளும் ஒரே அளவு விரிகின்றனவா, அல்லது ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு தடுக்கிறதா? அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள்கள் தளர்ந்து கையை விட்டு நழுவுவதுபோல் இருக்கிறதா, அல்லது கால்கள் கத்தரிபோல் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொள்கின்றனவா? இவற்றோடு, சின்னப் பொருள்களை விரல்களால் எடுக்கப் பார்க்கிறாளா, பெயர் சொன்னால் திரும்புகிறாளா, தனக்குத்தானே மழலை பேசுகிறாளா என்றும் கவனியுங்கள். கையும் காதும் பேச்சும் சிரிப்பும் வயதுக்கேற்ப இருந்து, இடம்விட்டு நகர்வது மட்டும் தாமதப்பட்டால், பெரும்பாலும் பொறுத்திருந்து பார்க்கலாம். எல்லாமே சேர்ந்து பின்தங்கினாலோ, மேலே கேட்டவற்றில் ஏதாவது ஒன்று கோளாறாகத் தெரிந்தாலோ, உடனே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வந்த திறன் போய்விடுவது: நேற்றுவரை உட்கார்ந்த குழந்தை இன்று உட்காரவில்லை என்றால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் அவள் விளையாடுவதைக் கைப்பேசியில் படம்பிடித்துக் கொண்டுபோங்கள். புது இடத்தில் அழுதுகொண்டு தாயின் தோளை விட்டிறங்காத குழந்தையை வைத்துக்கொண்டு எங்களால் அதிகம் கண்டுபிடிக்க முடியாது. தாமதம் உண்மையென்று தெரிந்தால், இடுப்பு மூட்டு, தைராய்டு, இரத்தசோகை, வைட்டமின் டி குறைபாடு, தசை, நரம்பு என ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். இவற்றுள் பல, நேரத்தில் கண்டுபிடித்தால் சரிசெய்யக் கூடியவை.

வாக்கர் வேண்டாம். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகளே அதற்குக் காரணம். நடையையும் அது விரைவுபடுத்துவதில்லை. துணி இருக்கையில் தொங்கியபடி கால்விரல் நுனியால் உந்தும் குழந்தை, தன் எடையைத் தானே தாங்கவோ, சாயும்போது சமாளிக்கவோ கற்றுக்கொள்வதில்லை. அந்தப் பணத்தைச் சேமித்து, விழித்திருக்கும் நேரத்தில் அவளைத் தரையில் விடுங்கள். இடுப்பில் தூக்கி வைத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இப்போதிருக்கும் நிலையில், குறித்த தேதிக் கணக்குப்படி 12 மாதம் ஆகும்போது ஒருமுறை மருத்துவரிடம் காட்டினால் போதும். அதே கணக்கில் 18 மாதமாகியும் தனியாக நடக்கவில்லை என்றால் முழுப் பரிசோதனை தேவைப்படும்.

கேள்வி: என் மகனுக்கு 5 மாதம். எதைக் கொடுத்தாலும் வலது கையால்தான் வாங்குகிறான். இடது கையை மூடியே வைத்திருக்கிறான். இப்போதே வலதுகைப் பழக்கம் வந்துவிட்டது என்று அவன் தாத்தாவுக்கு ஒரே பெருமை. மற்றபடி நன்றாகக் குப்புற விழுகிறான். இது சாதாரணம்தானே?

பதில்: இல்லை. முதல் கடிதம் எழுதியவரை அமைதியாக இருக்கச் சொன்ன நான், உங்களை இந்த வாரமே மருத்துவரிடம் போகச் சொல்கிறேன். எந்தக் கை என்பது ஒன்றரை, இரண்டு வயதையொட்டித்தான் தெளிவாகத் தெரியத் தொடங்கும். ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டுமே பயன்படுத்தும் குழந்தைக்கு, அந்தக் கை பழகியிருக்கிறது என்பதைவிட, மற்றக் கை சரியாக இயங்கவில்லை என்று எண்ணிப் பார்ப்பதுதான் சரி. 3, 4 மாதத்துக்குள் கைகள் பெரும்பாலும் விரிந்திருக்க வேண்டும். பிரசவத்தின்போது தோள் சிக்கி நரம்பு இழுபட்டிருக்கலாம். மூளையின் ஒரு பக்கத்தில் ஏதேனும் பாதிப்பு ஏற்பட்டிருக்கலாம். இரண்டும் இல்லாமலும் போகலாம். பிரசவம் நீண்டதா, ஆயுதம் போட்டு எடுத்தார்களா, பிறந்தவுடன் அழுதானா என்று கேட்பார்கள் என்பதால், பிறந்த மருத்துவமனையில் கொடுத்த தாள்களை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். குப்புற விழும்போதும் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் விழுகிறானா என்று போவதற்குமுன் பார்த்து வையுங்கள். பாதிப்பு இருந்தால் பிசியோதெரபியை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. முதல் ஆண்டில் மூளை மாற்று வழிகளை ஏற்படுத்திக்கொள்வதுபோல் பின்னாளில் செய்வதில்லை. அதுவரை வலது கையைத் துணியால் கட்டிவைத்து இடது கையைப் பழக்கும் வேலையை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அப்படி ஒரு பயிற்சி முறை உண்டு. ஆனால் எந்தக் குழந்தைக்கு, எத்தனை நேரம் என்பதைச் சிகிச்சை அளிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.