அழகாகத்தான் இருக்கிறது, எத்தனை மில்லிசெகண்ட்?

(வீடியோ கேம் தயாரிப்பில் டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் வேலைக்குப் போவது எப்படி என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சிவகாசியில் வளர்ந்து, இப்போது பெங்களூரில் மொபைல் கேம் ஸ்டுடியோ ஒன்றில் அதே வேலையைப் பார்க்கும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.)

டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் என்பவர் படம் வரைபவரா, புரோகிராம் எழுதுபவரா? எங்கள் காலேஜில் யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.
- விஸ்காம் இரண்டாம் ஆண்டு மாணவி, திருச்சி

இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்குபவர். வேலையைச் சொல்கிறேன், மற்றது தானாகப் புரியும்.

ஒரு கேமில் கிராமத்துச் சந்தை வருகிறது என்று வையுங்கள். நடுவில் அடுப்புப் புகை. எஃபெக்ட்ஸ் ஆர்ட்டிஸ்ட் அந்தப் புகையைப் பிரமாதமாகச் செய்திருக்கிறார். கம்ப்யூட்டரில் ஜோராக ஓடுகிறது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் போட்டால், கேமரா புகைக்குப் பக்கத்தில் போனதும் திக்கித் திணறுகிறது. ஆர்ட்டிஸ்ட், "கோடிங்கில் ஏதோ தப்பு" என்பார். புரோகிராமர், "ஆர்ட் ரொம்ப கனம்" என்பார். அங்கேதான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓட வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.6 மில்லிசெகண்ட். 30 ஃப்ரேம் போதும் என்றால் 33.3. சந்தை, மனிதர்கள், வெளிச்சம், புகை எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். ஃப்ரேமைப் பிரித்துப் பார்த்தால் புகை என்பது ஒன்றன் முன் ஒன்றாக மிதக்கும் கண்ணாடித் தாள்கள்தான். ஒரே இடத்தில் முப்பது தாள் இருந்தால் அங்குள்ள ஒவ்வொரு பிக்சலையும் போன் முப்பது தடவை தீட்டுகிறது. இதற்கு ஓவர்டிரா என்று பெயர். தூரத்தில் இருக்கும்போது தாள் சின்னது, பிக்சலும் குறைவு. பக்கத்தில் போனால் ஒவ்வொரு தாளும் திரை முழுக்கப் பரவுகிறது. திணறல் அங்கே மட்டும் வந்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது தாள்களைக் குறைக்கிறோம். குறைத்த தாளில் புகை சுருளும் படங்களை வரிசையாக ஓட்டுகிறோம். ஓரத்தில் வெறுமையாகக் கிடக்கும் பகுதியை வெட்டி எறிகிறோம். கேமரா மிகவும் நெருங்கிவிட்டால் அந்தத் தாளை வரையவே வேண்டாம் என்கிறோம். இவ்வளவு செய்த பிறகும் புகை பழைய புகை மாதிரியே தெரிய வேண்டும், எஃபெக்ட்ஸ் ஆர்ட்டிஸ்ட் கோபித்துக்கொள்ளக் கூடாது. டெக்னிக்கல் பாதி, ஆர்ட் பாதி என்பது இதைத்தான்.

ஷேடர் (ஒரு பரப்பு திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று கணக்கிடும் சின்ன புரோகிராம்) எழுதுவது, ரிக் செய்வது (பொம்மை அசைய உள்ளே எலும்புக்கூடு வைப்பது), ஆர்ட்டிஸ்டுகளுக்குக் கருவி எழுதிக் கொடுப்பது, ஹௌடினி என்ற மென்பொருளில் ஊரையே விதிப்படி முளைக்க வைப்பது என்று கிளைகள் நிறைய. எல்லாம் தெரிந்தவர் யாரும் கிடையாது. தெரியும் என்று சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். சி பிளஸ் பிளஸ் நன்றாக வரும். ஒரு பூனைகூட வரையத் தெரியாது. எனக்கு இது சரிப்பட்டு வருமா?
- 23 வயது வாசகர், கோயம்புத்தூர்

வரும் தம்பி. கையில் வரைவது கட்டாயமில்லை, கண் கட்டாயம். உங்கள் கணக்கு ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவிட்டது. ஒரு பரப்பு நோக்கும் திசை, வெளிச்சம் வரும் திசை, இரண்டு வெக்டரின் புள்ளிப்பெருக்கல்: விடை 1 என்றால் முழு வெளிச்சம், பூஜ்யம் என்றால் இருட்டு. பிளஸ் டூவில் எதற்கு என்று தெரியாமல் போட்ட கணக்கு இதற்குத்தான்.

கண்ணுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். இன்று சாயங்காலம் வீட்டில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கையும் சிவப்பு பிளாஸ்டிக் குடத்தையும் ஒரே டியூப்லைட் அடியில் வையுங்கள். குடத்தின் மேல் விழும் பளபளப்பு வெள்ளையாக இருக்கும், குடம் சிவப்பாக இருந்தாலும். குத்துவிளக்கில் அதே பளபளப்பு மஞ்சளாக இருக்கும். பிளாஸ்டிக், நேராகப் பார்க்கும்போது விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தை நிறம் மாற்றாமல் மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்புகிறது. மீதி உள்ளே போய் சிவப்பாக வெளியே வருகிறது. உலோகம் பெரும்பகுதியை மேற்பரப்பிலேயே திருப்புகிறது, அதுவும் தன் நிறத்தைப் பூசி. இன்றைய கேம் எஞ்சின்களில் (அன்ரியல், யூனிட்டி போல கேமை உருவாக்கி ஓட்டும் மென்பொருள்களில்) 'மெட்டாலிக்' என்று ஒரு மதிப்பு இருக்கிறதே, அதன் அடியில் இருக்கும் சங்கதி இவ்வளவுதான். இதைக் கண்ணால் பார்த்தவர் எழுதும் ஷேடரில் பித்தளை பித்தளையாக இருக்கும். பார்க்காதவர் எழுதினால் மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக்.

கூடவே பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு நாற்காலியாவது செய்து, யுவி விரித்து (மேற்பரப்பைத் தாள் மாதிரி தட்டையாக விரித்து), டெக்ஸ்சர் (அதன் மேல் ஒட்டும் படம்) போட்டுப் பாருங்கள். சுமாராக இருந்தால் போதும். ஆர்ட்டிஸ்ட் எந்த இடத்தில் அலுத்துக்கொள்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கும்.

என்னிடம் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. அன்ரியல் 5 திறந்தாலே ஃபேன் கத்துகிறது. கடன் வாங்கிப் புது மெஷின் வாங்கலாமா?
- பாலிடெக்னிக் மாணவர், திருநெல்வேலி

கடன் வேண்டாம். இப்போதைக்கு அன்ரியலை மூடிவிடுங்கள். பிளெண்டரும், கோடோ என்ற கேம் எஞ்சினும் இலவசம், இரண்டும் ஓபன் சோர்ஸ். உங்கள் மெஷினில் பிளெண்டரின் புதிய பதிப்பு திறக்கவில்லை என்றால் பழைய பதிப்பு போதும். ஃப்ரேமைப் பிரித்துப் பார்க்க ரெண்டர்டாக், அதுவும் இலவசம். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனைத் தூசி தட்டி எடுங்கள், அதுதான் உங்கள் பரிசோதனைக் கூடம். நல்ல மெஷின் வைத்திருப்பவருக்கு எது கனம் என்று தெரியவே தெரியாது. உங்களுக்கு உடனே தெரியும்.

3டி கோர்ஸ் முடித்து ஒரு வருடம் ஆகிறது. ஷோரீல் செய்து பல ஸ்டுடியோக்களுக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. போர்ட்ஃபோலியோவில் என்ன வைக்க வேண்டும்?
- வாசகர், மதுரை

எரியும் வாள், நீலமாகச் சுழலும் மாயக் கதவு, குமிழி விடும் பச்சைத் திரவம். மூன்றில் குறைந்தது இரண்டு உங்கள் வீடியோவில் இருக்கிறது என்று பார்க்காமலே சொல்வேன். யூடியூப் பாடங்கள் அதைத்தான் சொல்லித் தருகின்றன, எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். விண்ணப்பங்களை முதலில் சலிக்கும் வேலை சில சமயம் என்னிடம் வரும். எரியும் வாள் வந்தால் அடுத்ததற்குப் போய்விடுவேன். வாள் மோசம் என்பதால் அல்ல. அது எவ்வளவு செலவு பிடிக்கிறது என்று அனுப்பியவர் சொல்லவே இல்லை என்பதால்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரே ஒரு சின்னக் காட்சி. தெருமுனை டீக்கடை போதும். கண்ணாடி கிளாஸ், ஆவி, பித்தளை பாய்லர், தகரக் கூரை, ஒரு மங்கலான பல்பு. முதலில் மனம் போனபடி கனமாகச் செய்யுங்கள். போனில் ஓட்டி, ஃப்ரேமுக்கு எவ்வளவு நேரம், மெமரி எவ்வளவு, ட்ரா கால் ('இதை வரை' என்று கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போகும் கட்டளை) எத்தனை என்று அளந்து எழுதுங்கள். பிறகு இளைக்க வையுங்கள். திரும்ப அளந்து எழுதுங்கள்.

டெக்ஸ்சரிலேயே நிறைய மிஞ்சும். 2048க்கு 2048 டெக்ஸ்சர் ஒன்று, சுருக்காமல் வைத்தால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 16 எம்பி. மிப்மேப் (தூரத்தில் காட்டுவதற்கான சிறிய நகல்கள்) சேர்த்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும், 21 எம்பியைத் தாண்டும். ஏஎஸ்டிசி என்ற சுருக்க முறையில் ஒவ்வொரு கட்டமும் 16 பைட்தான், கட்டத்துக்குள் எத்தனை பிக்சலை அடைக்கிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம். 4க்கு 4 கட்டம் என்றால் அதே 16 எம்பி, 4 எம்பி ஆகிறது. 6க்கு 6 என்றால் 2 எம்பிக்கும் கீழே. தகரக் கூரைக்கு 6க்கு 6 போதும். பாய்லரின் நார்மல் மேப்புக்கு (மேடுபள்ளம் இருப்பது போலக் காட்டும் டெக்ஸ்சர்) அது போதாது, பளபளப்பில் கட்டம் கட்டமாகத் தெரியும், அங்கே 4க்கு 4 வையுங்கள். எங்கே விட்டுக்கொடுத்தீர்கள், எங்கே விடவில்லை, ஏன்? நான் உங்கள் போர்ட்ஃபோலியோவில் தேடுவது இந்த மூன்று வரியைத்தான்.

இன்னொன்று, சிவகாசிக்காரிக்குக் கைவந்தது. எங்கள் ஊரில் கலர் காலண்டர் அடிக்க நான்கு தகடு போடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெறும் கறுப்பு வெள்ளைதான். டெக்ஸ்சரின் சிவப்பு, பச்சை, நீல சேனல்களும் அப்படித்தான். சிவப்பில் இடுக்கு நிழல், பச்சையில் சொரசொரப்பு, நீலத்தில் மெட்டாலிக் என்று வைத்தால் மூன்று கோப்பு ஒன்றாகிவிடும். அன்ரியல் பக்கம் இந்த வரிசை வழக்கம். யூனிட்டியில் வரிசை வேறு. இதைச் செய்யும்போது அந்த டெக்ஸ்சருக்கு எஸ்ஆர்ஜிபி டிக்கை ('இது நிறப் படம்' என்று எஞ்சினுக்குச் சொல்வது) எடுக்க மறந்தால் சொரசொரப்பெல்லாம் தப்பாகிவிடும், கவனம்.

அடுத்து ஒரு கருவி. பிளெண்டருக்குள்ளேயே பைத்தான் இருக்கிறது. பெயர் முறைப்படி இருக்கிறதா, ஸ்கேல் அப்ளை செய்யப்பட்டிருக்கிறதா (மாற்றிய அளவு மாடலிலேயே பதிந்திருக்கிறதா), யுவி விடுபட்டிருக்கிறதா, மாடலைக் கட்டியிருக்கும் முக்கோணங்களின் எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து, தவறைச் சிவப்பில் காட்டும் ஒரு ஸ்கிரிப்ட். நூறு வரிக்குள் முடியும். முடித்ததும் உங்களோடு கோர்ஸ் படித்த யாரிடமாவது கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கே தடுமாறினார், அதற்காக எதை மாற்றினீர்கள் என்று ஒரு பத்தி எழுதி வையுங்கள். எரியும் வாளை விட அந்தப் பத்திக்கு மதிப்பு அதிகம்.

இன்டர்வியூவில் வழக்கமாக வரும் கேள்விகளில் சில: பிளெண்டரில் மேடாக இருந்தது அன்ரியலில் ஏன் பள்ளமாகத் தெரிகிறது? (நார்மல் மேப்பின் பச்சை சேனல் தலைகீழ்.) யூனிட்டியில் பொம்மை ஏன் கண்ணைப் பறிக்கும் பிங்க் நிறத்தில் நிற்கிறது? (ஷேடர் காணோம், அல்லது கம்பைல் ஆகவில்லை.) மாடல் ஏன் நூறு மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வருகிறது? (ஒருவர் மீட்டர், இன்னொருவர் சென்டிமீட்டர்.) விடையை மனப்பாடம் செய்து பயனில்லை. "எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று அடுத்த கேள்வி வரும்.

மகனை கேமிங் கோர்ஸில் சேர்க்க 2 லட்சம் கேட்கிறார்கள். 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நம்பலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, போர்டை விட்டுவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். பாடம் நடத்துபவர் வெளிவந்த எந்த கேமில் வேலை பார்த்தார்? போன வருடம் முடித்த பிள்ளைகள் இரண்டு பேரோடு நேரில் பேச விடுவார்களா? பாடத்திட்டத்தில் பைத்தானும் ஷேடரும் எத்தனை வாரம்? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அது மாடலிங், அனிமேஷன் கோர்ஸ். அது கெட்டதல்ல, ஆனால் டெக்னிக்கல் ஆர்ட் அல்ல. பையன் முதலில் மூன்று மாதம் வீட்டிலேயே இலவச மென்பொருளில் முட்டி மோதட்டும். அதன் பிறகும் ஆசை இருந்தால் பணத்தைப் பற்றிப் பேசலாம்.

இந்த வேலைக்குச் சென்னை போதுமா, பெங்களூர் போக வேண்டுமா? கேம் கம்பெனிகளில் ஆட்குறைப்பு என்று படிக்கிறேன், பயமாக இருக்கிறது.
- வாசகி, சேலம்

பயத்துக்குக் காரணம் இருக்கிறது, இல்லை என்று ஆறுதல் சொல்ல மாட்டேன். 2024 ஜனவரியில் மட்டும் யூனிட்டி சுமார் 1,800 பேரையும், மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும் குறைப்பதாக அறிவித்தன.

பெங்களூரில் இந்தத் தொழில் பழையது. துருவா இன்டராக்டிவ் அங்கே 1997இல் தொடங்கியது, 2019இல் ராக்ஸ்டார் அதை வாங்கிக்கொண்டது. யூபிசாஃப்ட் புனேயிலும் மும்பையிலும் இருக்கிறது, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஹைதராபாத்தில். ஆக, ஊர் மாறத் தயாராக இருங்கள். 'ஜூனியர் டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட்' என்று விளம்பரம் வருவது அபூர்வம். எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் வேறு வாசல் வழியாக நுழைந்தவர்கள்தான்: வெளிநாட்டு கேம்களுக்கு மாடல் செய்து தரும் ஸ்டுடியோவில் 3டி ஆர்ட்டிஸ்டாகவோ, டெஸ்டராகவோ, டூல்ஸ் புரோகிராமராகவோ. உள்ளே போய், பக்கத்து சீட்காரர் தினமும் கையால் செய்யும் சலிப்பான வேலை ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தால், பதவி பிறகு ஒட்டிக்கொள்ளும்.

சென்னையை விட மனமில்லை என்றால் கேமை மட்டும் பார்க்காதீர்கள். கார் டேஷ்போர்டு திரைகளுக்கு இப்போது யூனிட்டியும் அன்ரியலும் பயன்படுகின்றன. அங்கும் இதே மில்லிசெகண்ட் சண்டைதான், சென்னையில் கார் கம்பெனிகளுக்குப் பஞ்சமும் இல்லை.

வேலையில் சேர்ந்து ஆறு மாதம். 'டெக்ஸ்சர் பெரிது, குறையுங்கள்' என்று சொன்னால் சீனியர் ஆர்ட்டிஸ்டுகள் முறைக்கிறார்கள். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், பெங்களூர்

நீங்கள் போலீஸ் மாதிரி போய் நிற்கிறீர்கள் போல. "குறையுங்கள்" என்பதை விட்டுவிட்டு, "அண்ணா, இந்தச் சுவரும் அந்தத் தேரும் ஒரே அளவு இடம் பிடிக்குது. தேர் முன்னாடி வருது, சுவர் பின்னாடி இருக்கு. எதை வச்சுக்கலாம்?" என்று கேளுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும். சுவரை அவரே குறைத்துக் கொடுப்பார், தேருக்கு இன்னும் கொஞ்சம் கேட்பார், கொடுங்கள். சேர்ந்த மாதமே அவருடைய எக்ஸ்போர்ட் வேலையை எட்டு கிளிக்கிலிருந்து ஒன்றாக்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இப்போதும் தாமதமில்லை.

நீங்கள் கேம் விளையாடுவீர்களா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவன், விருதுநகர்

விளையாடுவேன். ஆனால் வில்லன் சுட வரும்போது நான் குனிந்து குட்டைத் தண்ணீரில் மரத்தின் பிரதிபலிப்பு சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகள் என்னைத் தன் டீமில் சேர்ப்பதில்லை.