மொரிஸ் மைனருக்கு இன்ஜெக்‌ஷன் எஞ்சின் போட்டால் பழைய பெற்றோல் டேங்க் போதுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: 1960களில் வந்த மொரிஸ் மைனர், அதற்கு சுசுகியின் 1.3 இன்ஜெக்‌ஷன் எஞ்சின் கிடைத்திருக்கிறது, பழைய டேங்கை அப்படியே வைத்துக்கொண்டு வெளியே ஒரு ஹை பிரஷர் பம்ப் மட்டும் போட்டால் ஓடுமா. ஓடும். டவுனுக்குள் அழகாக ஓடும், டேங்க் நிறைய இருக்கும்வரை மலையும் ஏறும், அதனால்தான் நிறையப் பேர் அதோடு விட்டுவிடுகிறார்கள். கால் டேங்குக்குக் கீழே வந்ததும்தான் விஷயம் தெரியும், அதுவும் நம் ஊர் ரோட்டில்.

என் வண்டி மாமாவுடையது. ஹட்டனில் ஹயர் ஓட்டிய கார், 948 சிசி எஞ்சின், அவர் கையிலிருந்து என் கைக்கு வந்தபோது எஞ்சின் முடிந்துபோயிருந்தது. நான் போட்டதும் சுசுகியின் அதே 1.3 வகை, ஜி13பிபி எஞ்சின்தான். பழைய டேங்க், அடியில் ஒரு பம்ப், ஒரு ஃபில்டர், எஞ்சினிலிருந்து திரும்பும் பெற்றோலுக்கு ஒரு ரிட்டர்ன் லைன், அவ்வளவுதான். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் கண்டியிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியா ஏறும்போது ரம்பொடையில் கொண்டை ஊசி வளைவில் திருப்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், எஞ்சின் அப்படியே அணைந்துவிட்டது. பின்னால் மரக்கறி லொறி. மாமா பக்கத்து சீட்டில் இருந்தார். "பம்ப் சத்தம் கேக்குதே மருமகன், பிறகு ஏன் நிக்குது?" என்றார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

பதில், பழைய எஞ்சினில் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுத்த கார்பரேட்டரில் இருக்கிறது. கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெற்றோல் நிற்கும். வளைவில் டேங்குக்குள் பெற்றோல் ஒரு பக்கமாக ஓடி, உறிஞ்சு குழாய் இரண்டு மூன்று வினாடி வெறும் காற்றை இழுத்தாலும் எஞ்சினுக்கு அது தெரியாது, கிண்ணத்தில் இருப்பதைக் குடித்துக்கொண்டே போகும். மைனரின் பழைய எஸ்யூ பம்ப் கொடுக்கும் அழுத்தமும் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தான், கிண்ணத்தை நிரப்ப அது தாராளம். இன்ஜெக்‌ஷனில் அந்தக் கிண்ணமே இல்லை. இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் பிரித்துக் கொடுக்கும் ரெயில் என்ற குழாயில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று பார், அதாவது 36 முதல் 43 பிஎஸ்ஐ, விடாமல் நிற்க வேண்டும். பம்ப் ஒரு தடவை காற்றை விழுங்கினால் அழுத்தம் உடனே விழும், இன்ஜெக்டர் காற்றைத்தான் தெளிக்கும், எஞ்சின் நிற்கும். மைனரின் டேங்க் டிக்கிக்கு அடியில் படுத்திருக்கும் தட்டையான பெட்டி. பிந்திய மைனர் 1000இல் அது ஆறரை கேலன், கிட்டத்தட்ட 29 லீட்டர். உள்ளே தடுப்புத் தகடு பற்றி யாரும் பெரிதாக யோசித்த காலம் இல்லை அது. கால் டேங்க் பெற்றோலை இவ்வளவு அகலமான பெட்டியில் ஊற்றி, ஏற்றத்தில் சாய்த்து, பிறகு பக்கவாட்டில் வீசினால் அது எங்கே ஓடும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அதனால் அழுத்தத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள், அழுத்தம் தரும் பம்ப் எங்கும் கிடைக்கும். கார்பரேட்டர் கிண்ணம் பார்த்துக்கொண்டிருந்த வேலையை இனி யார் பார்ப்பார் என்பதைத்தான் நீங்கள் தீர்க்க வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு வழி, இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

முதலாவது, டேங்குக்கு வெளியே ஒரு சின்ன இடைக் கிண்ணம், ஸ்வர்ல் பொட் என்பார்கள். ஒரு லீட்டர், ஒன்றரை லீட்டர் போதும். குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று டேங்கிலிருந்து இழுத்து அதை நிரப்பிக்கொண்டே இருக்கும், அதன் அடியிலிருந்து ஹை பிரஷர் பம்ப் எடுக்கும், ரெயிலிலிருந்து வரும் ரிட்டர்ன் அந்தக் கிண்ணத்துக்கே வரும், மிஞ்சியதும் காற்றும் கிண்ணத்தின் உச்சியிலிருந்து டேங்குக்குத் திரும்பும். முதல் பம்ப் வளைவில் சில வினாடி காற்றை இழுத்தாலும் கிண்ணத்தில் இருப்பு இருக்கும். இங்கே ஒரு கணக்கு பலருக்குத் தவறுகிறது. ரிட்டர்ன் கிண்ணத்துக்கே வருவதால் முதல் பம்ப் ஹை பிரஷர் பம்புக்கு ஈடாக ஓட வேண்டியதில்லை, எஞ்சின் உண்மையில் எரிப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் கொடுத்தால் போதும். 1.3 எஞ்சின் முழு மிதியில்கூட மணிக்கு 25 லீட்டர் அளவில்தான் எரிக்கும். ஆகவே சாதாரண சின்ன எலக்ட்ரிக் பம்ப் தாங்கும். ஹை பிரஷர் பம்பைக் கிண்ணத்துக்குக் கீழே, பெற்றோல் தானாக இறங்கும் உயரத்தில் வையுங்கள். அந்த வகைப் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் பலவீனம். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுதான், உறிஞ்ச வைத்தால் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட இன்னும் லேசு.

இந்த வழியில் எனக்குப் பிடித்த விஷயம், டேங்கை வெட்டவே வேண்டியதில்லை. ரிட்டர்னுக்கு எங்கே ஓட்டை போடுவது என்று நானும் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெற்றோல் மீட்டரின் மிதவை பொருத்திய தகட்டைக் கழற்றி, டேங்கிலிருந்து தூரமாகக் கொண்டுபோய் நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதில் ஒரு குழாயைப் பற்றவைத்துத் திரும்பப் பூட்டிவிட்டோம். அந்தக் குழாய் உள்ளே அடிமட்டம் வரை இறங்க வேண்டும். மேலேயே நின்றுவிட்டால் திரும்பும் பெற்றோல் அருவி மாதிரி விழுந்து நுரை கிளப்பும், அந்த நுரையைத்தான் முதல் பம்ப் குடிக்கும். கிண்ணத்தை டிக்கிக்குள் வைக்க ஆசை வரும், இடம் வசதியாக இருக்கும். வேண்டாம். மைனரில் டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே அடைப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆவி நேராகப் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு வரும். காரின் அடியில், சைலன்சர் குழாய்க்கு எதிர்ப்பக்கம், கல் அடிக்காமல் ஒரு தகட்டு மறைப்போடு வையுங்கள்.

இரண்டாவது வழி டேங்குக்குள்ளேயே பம்ப். புது ஜப்பான், இந்தியக் கார்களில் இருப்பது போல ஒரு முழு பம்ப் மொடியூல், அதைச் சுற்றிப் பெற்றோலைப் பிடித்துவைக்கும் கிண்ணம். சத்தம் இல்லை, பம்ப் பெற்றோலுக்குள் மூழ்கியிருப்பதால் சூடாகாது, உறிஞ்சும் சிக்கலும் கிடையாது. இப்போது என் காரில் இருப்பது இதுதான், உங்களுக்குக் கையில் காசும் நேரமும் இருந்தால் இதற்கே போங்கள். எஞ்சினுக்காக ஹாஃப் கட், அதாவது பாதியாக வெட்டிய பழைய கார், வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: முன் பாதியை வெட்டித்தான் கொடுப்பார்கள், பம்ப் இருப்பதோ பின் பாதியில். அதைத் தனியாகத்தான் தேட வேண்டும், கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் நடந்தால் கிடைக்கும். போகும் முன் டேங்கின் ஆழத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மைனர் டேங்க் தட்டை, உயரமான மொடியூல் உள்ளே நிற்காது.

மொடியூல் வைக்க டேங்கின் மேல்புறம் வெட்ட வேண்டும், வளையம் பற்றவைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன்: பழைய டேங்கில் வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்க் என்றால் ஆபத்து இல்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் கொடியது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவு பெற்றோல் ஆவி இருந்தாலே பற்றும், அறுபது வருஷத் துருவுக்குள்ளும் மடிப்பு ஓரங்களிலும் ஊறியிருக்கும் பெற்றோல் எத்தனை தடவை கழுவினாலும் சூடு பட்டதும் ஆவியாக வெளியே வரும். எங்கள் ஊர்க் குளிர் காப்பாற்றும் என்றும் எண்ண வேண்டாம், மைனஸ் 40 பாகையிலும் பற்றுகிற அளவு ஆவி விடும் சாமான் பெற்றோல். எனக்குத் தெரிந்த ஒரு கராஜில் டேங்கைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு வெல்டிங் வைத்தார்கள், மேல்தகடு பிய்ந்து கூரையில் அடித்தது. வேலை செய்த தம்பி குனிந்திருந்ததால் உயிரோடு இருக்கிறார்.

நான் செய்தது, அதே வெளி அளவில் புது டேங்க். ரேடியேட்டர் வேலை பார்க்கும் பாஸ் ஒருவர் ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் செய்து தந்தார், உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புத் தகடுகள், அவற்றின் அடி மூலையில் மட்டும் பெற்றோல் நுழையச் சின்ன வெட்டு, பம்ப் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு அறை. பெற்றோலே காணாத தகடு, அதனால் வெல்டிங் பயமும் இல்லை. பழைய டேங்கை அப்படியே துணி சுற்றி வைத்திருக்கிறேன், நாளைக்கு யாராவது இந்தக் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நினைத்தால் உதவும்.

பழையதையே வைத்து முதல் வழியில் போகிறீர்கள் என்றால் உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் ஷெட் வரிசையும் கியூஆர் கோட்டுமாக இருந்த மாதங்களில் என் கார் கால் டேங்கோடு ஓடாமல் நின்றது, மிச்ச இடமெல்லாம் நம் ஈரக் காற்று, மேல்பாதி முழுக்கத் துரு. கார்பரேட்டர் கொஞ்சத் துருவைப் பொறுத்துக்கொள்ளும், இன்ஜெக்டர் பொறுக்காது. பம்புக்கு முன்னால் கொஞ்சம் பெரிய கண் உள்ள வடி, பம்புக்குப் பின்னால் இன்ஜெக்‌ஷன் ஃபில்டர், இரண்டும் வேண்டும். நுண்ணிய ஃபில்டரை முன்னால் போட்டால் பம்புக்கு மூச்சு முட்டும்.

ஹோஸ் விஷயத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கார்பரேட்டர் ஹோஸ் இந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதே அல்ல. இன்ஜெக்‌ஷனுக்கான ஆர்9 ஹோஸ் கேளுங்கள், மேலே அச்சிட்டிருக்கும். டேங்குக்குள் மூழ்கியிருக்கும் துண்டுக்கு ஆர்9 கூட ஆகாது, அதன் வெளித்தோல் பெற்றோலில் ஊறிக் கெடும், அதற்கு ஆர்10 என்று தனி வகை உண்டு, விலை அதிகம், ஒரு சாண் போதும். பல் வெட்டிய சாதாரண கிளிப் ஹோஸை அறுக்கும், ஓரம் மடித்த இன்ஜெக்‌ஷன் கிளிப் வாங்குங்கள். பழைய இணைப்பில் ஒரு சொட்டு கசிந்தால் வாசனை வரும், மூன்று பாரில் அதே கசிவு சூடான எஞ்சின் மேல் பன்னீர் தெளித்த மாதிரி அடிக்கும்.

டேங்க் மூடியில் காற்றுத்துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். அடைந்திருந்தால் பம்ப் இழுக்க இழுக்க டேங்க் உள்ளே ஒடுங்கும். கார் கவிழ்ந்தால் பெற்றோல் கொட்டாமல் அடைக்கும் வால்வோடு தனியாக ஒரு மூச்சுக்குழாய் வைப்பது இன்னும் நல்லது.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக. மைனர் பொசிட்டிவ் எர்த், அதாவது பட்டரியின் பொசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்தது, உங்கள் எஞ்சினின் கம்ப்யூட்டருக்கு அதற்கு எதிரான நெகட்டிவ் எர்த் வேண்டும், அதை மாற்றாமல் எதையும் இணைக்க வேண்டாம். பம்புக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ், ரிலேயை இயக்குவது கம்ப்யூட்டராக இருக்க வேண்டும், அப்போதுதான் எஞ்சின் நின்றதும் பம்பும் நிற்கும். சாவியிலிருந்து நேராக வயர் இழுத்துவிட்டால், மோதல் நடந்து குழாய் அறுந்த பிறகும் பம்ப் பெற்றோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மோதினால் தானே துண்டிக்கும் இனேர்ஷியா சுவிட்ச் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நம்பர் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டிப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும், அதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

புது டேங்க் போட்டதும் வேண்டுமென்றே ஐந்து லீட்டர் மட்டும் விட்டு, அதே ரம்பொடை வளைவுகளை மாமாவோடு ஏறினேன். இருமல்கூட இல்லை. மேலே வந்து டீ குடிக்கும்வரை அவர் பேசவே இல்லை, பிறகு "இப்பதான் வண்டி மலைக்காரன் வண்டி" என்றார்.

உங்கள் எஞ்சினின் ரெயிலைப் பார்த்து, பெற்றோல் பைப் ஒன்றா இரண்டா என்று கீழே எழுதுங்கள். இரண்டென்றால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். ஒன்றுதான் என்றால் அழுத்தக் கட்டுப்பாடு டேங்க் மொடியூலிலேயே இருக்கிற வகை, கிண்ணத்தின் குழாய் அமைப்பு கொஞ்சம் மாறும், அதை வரைந்து போடுகிறேன்.