‘பிள்ளைக்கு ரத்தம் வந்தும் பதறவில்லையே, டாக்டர்!’

பெரம்பூர் சகோதரிக்கு, நீங்கள் கல்நெஞ்சக்காரியும் இல்லை, உங்களுக்குப் பைத்தியமும் பிடிக்கவில்லை. கண் எரிச்சல், முடி கொட்டுவது, மணிக்கட்டு வலி என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். விஷயம் கடைசி நாலு வரியில்தான் இருக்கிறது. சைக்கிளிலிருந்து விழுந்த பையன் முழங்காலில் ரத்தத்தோடு வந்து நிற்கிறான். உங்கள் மனசு ‘இதை எந்த வகையில் சேர்ப்பது’ என்று தேடியிருக்கிறது.

அலட்சியம் செய்யக் கூடாத அறிகுறிதான். ஆனால் அதற்கு இணையத்தில் நீங்கள் கண்டுபிடித்த ‘மூளைக்கட்டி’ காரணமே இல்லை. அடிதடி, விபத்து, பெண்களைச் சித்திரவதை செய்யும் வீடியோ என்று நாள் முழுக்கப் பார்த்து, ஏஐக்குக் கற்றுக்கொடுப்பதற்காக வகை பிரித்துக் குறிப்பது உங்கள் வேலை. ஒவ்வொன்றுக்கும் பதறினால் டார்கெட் முடியாது. அதனால் மனசு மரத்துப்போகப் பழகிக்கொள்கிறது. லேப்டாப்பை மூடியதும் அந்த மரப்பு விலகிவிடுவதில்லை.

“வெறும் படம்தானே” என்கிறாராம் உங்கள் கணவர். 2013-இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடு, டிவியில், சினிமாவில் கொடூரம் பார்ப்பதை அதிர்ச்சி நோய்க்கான காரணமாக ஏற்பதில்லை. அதையே வேலைக்காகத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஏற்கிறது. இதே மாதிரி வீடியோக்களைப் பார்த்து நீக்கும் வேலை செய்தவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட, 2020-இல் ஃபேஸ்புக் 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மரத்துப்போனதோடு, சமைக்கும்போதும் கணவர் அருகில் வரும்போதும் பார்த்த காட்சிகள் கூப்பிடாமலே வந்து நிற்கின்றன என்கிறீர்கள். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலே மனநல மருத்துவரிடம் போயாக வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிறது. இந்த வாரமே போங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவு போதும். ‘கீழ்ப்பாக்கமா!’ என்று முகம் சுளிக்க வேண்டாம். கேலி செய்பவர்களா உங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறார்கள்? அதுவரை பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

வேலையைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருப்பதாகப் பயப்படுகிறீர்கள். கம்பெனி பெயரோ, யாருக்காகச் செய்யும் வேலை என்பதோ மருத்துவருக்குத் தேவையில்லை. உங்களுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

வேலை இப்படியே இருக்க, வைத்தியம் மட்டும் எடுத்துப் பெரிய பலன் இருக்காது. டீம் லீடருக்கு மெயிலிலேயே கேளுங்கள், வாய் வார்த்தை வேண்டாம். வீடியோ முதலில் மங்கலாகவும் கறுப்பு வெள்ளையிலும் வர வேண்டும். தேவைப்பட்டால் மட்டும் சத்தம். கொடூரமான வீடியோக்களுக்கு நடுநடுவே சாலையில் கார், சிக்னல் குறிப்பது போன்ற சாதுவான வேலையும் தர வேண்டும். இடைவேளைக்குக் காசு பிடிக்கக் கூடாது. மருத்துவரின் கடிதத்தையும் இணைத்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம். மாதம் ஒருமுறை ஜூமில் மூச்சுப் பயிற்சி நடத்துகிறார்களாமே, நல்லது, நடத்தட்டும். அது இதற்கெல்லாம் ஈடாகாது.

மற்றவை சில்லறை. திரையையே பார்த்தால் இமை கொட்டுவது குறையும், அதனால்தான் எரிச்சல். நீல ஒளிக் கண்ணாடிக்குச் செலவு செய்யாதீர்கள். லேப்டாப் கதிர்வீச்சில் முடி கொட்டாது. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். ராத்திரியில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்து எழுப்பிவிட்டால் மட்டும் மணிக்கட்டைக் காட்டுங்கள். வேலை நேரக் கணக்கு ஓடுகிறதென்று சிறுநீரை அடக்குவது உடனே நிற்க வேண்டும். இந்த வேலையிலிருந்து வருகிற பெண்களுக்கு நான் அடிக்கடி எழுதுவது சிறுநீர்த் தொற்று மருந்துதான்.

அப்புறம், மாமியாரின் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை. பாதி மாத்திரைதானே என்று இரண்டு மாதமாகத் தினமும் போடுகிறீர்கள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? கோபத்தில் இன்றைக்கே நிறுத்திவிடவும் வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். அந்த அட்டையை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்; எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.